வ.உ.சி. என்னும் மாணாக்கர்

தூத்துக்குடியில் பிறந்தவர்களுக்கும், பிழைப்பு நாடி இவ்வூருக்கு வந்து சேர்ந்தவர்களுக்கும் வ.உ.சிதம்பரனாரின் வரலாற்றை யாரும் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வூர்க் கல்லூரி அவர் பெயரால் வழங்குகிறது. துறைமுகமும் 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பள்ளி விழாக்களில் மாறுவேடம் புனையும் சிறுவர்கள் தலைப்பாகை கட்டி, முறுக்கு மீசை வரைந்து மேடையேறுகிறார்கள். கப்பலோட்டினார், செக்கிழுத்தார் என்ற இரண்டு வினைச்சொற்களுக்குள் அறுபத்து நான்கு ஆண்டு வாழ்க்கை அடங்கிவிடுகிறது. நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று நண்பர்கள் பணித்தபோது, அவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வினைச்சொல் ஒன்றைப் பற்றி எழுதலாமென்று தோன்றியது. அவர் கற்றார். பள்ளிப் பருவத்தில் கற்றது எல்லோருக்கும் உள்ளதே. முப்பத்தைந்து வயதுக்கு மேல், பிறர் கற்றதை விற்றுப் பிழைக்கும் பருவத்தில், சிதம்பரனார் இலக்கண நூலைக் கையில் எடுத்து மாணாக்கராக அமர்ந்தார். பின்னர் அந்த இருக்கையைவிட்டு அவர் எழவேயில்லை.

1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மூத்த மகனாகப் பிறந்தார். ஊர்த் திண்ணைப் பள்ளியில் தமிழும், பின்னர்த் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் ஆங்கிலக் கல்வியும் பெற்றார். சில காலம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். தந்தையார் வழக்குரைஞர் ஆதலால் மகனும் அவ்வழியே திருச்சிராப்பள்ளி சென்று சட்டம் பயின்று, பிளீடராகத் திரும்பினார். ஒட்டப்பிடாரத்தில் தொழில் நடத்தியவர் 1900இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். இதுவரை அவர் வாழ்க்கையில் புதுமை எதுவும் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் அந்நாளில் இப்படிப் பல பிளீடர்கள் இருந்தனர். கைநிறைய வழக்குகளும், வீடு நிறைய விருந்தினரும், மாலையில் சிறிது கம்பராமாயணமும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன.

அவருடைய முதல் பெரும் படிப்பு கடலைப் பற்றியது எனலாம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் வாணிகம் அப்போது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கையில் இருந்தது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகளே சரக்கையும் ஆளையும் ஏற்றி இறக்கின. சட்டப் புத்தகம் மட்டுமே அறிந்த ஒருவர் இந்தத் தொழிலின் நெளிவு சுளிவுகளை முப்பது வயதுக்கு மேல் ஒவ்வொன்றாகக் கற்க வேண்டியிருந்தது. கட்டணம் எவ்வளவு வைப்பது, கப்பலை வாடகைக்கு எடுப்பதா விலைக்கு வாங்குவதா, பங்குகளை யாரிடம் கொண்டுபோய் விற்பது என்பன போன்ற பாடங்களுக்கு ஆசிரியர் எவரும் இல்லை. 1906 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவராக அமர்ந்தவர் பாண்டித்துரைத் தேவர். 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே வள்ளல்தான். கப்பலும் தமிழும் ஒரே வாசல் வழியாகச் சிதம்பரனாரிடம் வந்தன என்று நான் இதை எண்ணி மகிழ்வதுண்டு.

வாடகைக் கப்பல்களை நம்பிப் பயனில்லை என்று கண்டதும் பம்பாய்க்குச் சென்று சொந்தக் கப்பல் தேடினார். 1907இல் காலியாவும் லாவோவும் வந்து சேர்ந்தன. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் செல்லலாம். 4,000 மூட்டைகள் ஏற்றலாம். எதிர்க் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கியது. அதன் பின் நடந்தவை நாடறிந்தவை. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம், மார்ச் 12இல் கைது, மறுநாள் திருநெல்வேலியில் எழுச்சி, ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே விதித்த இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனை பெரிதும் குறைந்தது. ஆயினும் கோயமுத்தூர்ச் சிறையிலும் பின்னர்க் கண்ணனூர்ச் சிறையிலுமாக 1912 டிசம்பர் 24 வரை அவர் அடைபட்டிருந்தார். அவர் வெளிவருவதற்கு முன்பே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா எதிரியிடமே விலைபோயிற்று.

கோயமுத்தூரில் சணல் கிழிக்கும் பொறியைச் சுற்றிக் கை புண்ணாயிற்று, பின்னர்ச் செக்கு. இந்தக் காட்சி நம் மனத்தை நெகிழச் செய்வது இயல்பே. ஆனால் அந்த நெகிழ்ச்சி, அதே சிறையில் நடந்த இன்னொன்றை மறைத்துவிட்டதென்பது என் குறை. உடல் மாட்டுக்குரிய வேலையைச் செய்துகொண்டிருந்த காலத்தில் அந்த மனிதர் ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் சிறு நூலைத் தமிழாக்கினார். மனம்போல வாழ்வு என்ற பெயரில் 1909இல் அது வெளிவந்தது. கோயமுத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் இருந்துகொண்டே தொல்காப்பியத்தை உரைகளோடு படிக்கவும் செய்தார்.

தொல்காப்பியம் பொழுதுபோக்காகப் படிக்கும் நூலன்று என்பதை இம்மலரைப் படிக்கும் புலவர் பெருமக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நல்லாசிரியர் ஒருவரிடம் பாடம் கேட்டுப் பழகியவர்களே புணரியலில் இடறி விழுவதுண்டு. இவருக்கோ பாடம் சொல்ல எவருமில்லை. கேட்டுத் தெளிய உடன்கற்கும் தோழரில்லை. எஞ்சியிருந்த நேரமும் தம்முடையது என்று சொல்ல முடியாத நேரம். சூத்திரங்களின் செறிவு அவரை ஈர்த்தது. உரைகளின் கடினமான நடை இடறிற்று. தமிழர் எல்லோருக்கும் உரிய நூல் ஒரு சில புலவரின் கையில் முடங்கிக் கிடக்க இந்த நடையே காரணம் என்று கருதினார். கற்றுக்கொண்டிருக்கும்போதே, எளிய நடையில் தாமே ஓர் உரை எழுதத் தொடங்கினார். எழுத்ததிகாரம் முழுமைக்கும் எழுதி, சொல்லதிகாரத்துள்ளும் சில இயல்கள் வரை வந்துவிட்டார்.

வயது வந்த பின் இலக்கணம் பயில்வது இந்தக் கரைக்குப் புதிதன்று என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். சிதம்பரனாருக்கு மூன்று நூற்றாண்டுக்கு மேல் முற்பட்டு, 1546இல் போர்த்துக்கல் நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்ற நேர்ந்தபோது ஒரு தமிழ்ச் சொல்லும் அறியாதவர். இருபத்தாறு வயதுக்கு மேல் அவர் அரிச்சுவடியில் தொடங்கினார். தாம் கற்ற மொழிக்குத் தம் மொழியில் ஓர் இலக்கணம் எழுதும் அளவுக்கு உயர்ந்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய தம்பிரான் வணக்கம், இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்நாட்டில் அச்சேறிய முதல் நூலாக இன்று போற்றப்படுகிறது. புன்னைக்காயல் மணலில் நடந்த அந்தப் படிப்பையும் கண்ணனூர்ச் சிறைக்குள் நடந்த இந்தப் படிப்பையும் ஒப்பிடுவது முறையா என்று சிலர் கேட்கலாம். ஒருவர் தமிழுக்கு அயலார். மற்றவர் தமிழே தாய்மொழியானவர். இருவரும் தமக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டே தொடங்கினர் என்பது ஒன்றே எனக்குப் போதும்.

கண்ணனூரில் சிதம்பரனார் தாம் கற்றதோடு நிற்கவில்லை. உடனிருந்த கைதிகளுக்கு அறநூல்களைக் கற்பித்தார். அப்படிக் கற்பித்த அனுபவத்தின் விளைவு மெய்யறம். சிறையிலிருந்து வெளிவந்தபின் 1914இல் அச்சான அந்நூலில் 125 அதிகாரங்கள் உள்ளன. அதிகாரத்துக்குப் பத்து அடிகள். அதன் முதற் பகுதிக்கு அவர் இட்ட பெயர் மாணவரியல். இல்வாழ்வியலும் அரசியலும் அதற்குப் பின்னரே வருகின்றன. அரசியலுக்காகத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த ஒருவர் தம் அறநூலை மாணவனிலிருந்து தொடங்கியதை நான் தற்செயலாகக் கொள்வதில்லை.

விடுதலையான அன்று அவர் நிலை என்ன? கப்பல் போயிற்று. வழக்குரைஞர்ச் சான்றிதழ் பறிபோயிற்று. கைதானபோது அவருக்காகக் கடையடைத்த ஊர்கள் இப்போது அடங்கிக் கிடந்தன. சிறைவாசலில் காத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குடும்பத்தோடு சென்னைக்குச் சென்று சிந்தாதிரிப்பேட்டை, பெரம்பூர் என்று வீடு மாறி மாறிக் குடியிருந்தார். சிறு வாணிகங்கள் செய்து பார்த்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று கொடுத்த 347 ரூபாய் 12 அணாவுக்காகக் காந்தியடிகளோடு நடத்திய நீண்ட கடிதப் போக்குவரத்து இன்று நூலாகவே வெளிவந்துள்ளது. அதைப் படிப்பவர்களுக்கு அந்நாளில் அவர் வீட்டு அடுப்பின் நிலை விளங்கும். இவ்வளவுக்கும் நடுவில் அவரிடம் மிஞ்சியிருந்த உடைமைகளுள் ஒன்று சிறையில் எழுதிய அந்தத் தொல்காப்பிய உரை.

அப்போதுதான் இளம்பூரணர் உரை அவர் கைக்கு வந்தது. தொல்காப்பியம் முழுமைக்கும் உரை கிடைப்பது இளம்பூரணருக்கு மட்டுமே. உரையாசிரியர் என்ற பொதுப்பெயரே அவருக்குரிய சிறப்புப் பெயராயிற்று. எழுத்ததிகார உரையைத் திரிசிரபுரம் சுப்பராய செட்டியார் 1868இலேயே அச்சிட்டிருந்தார். ஆயினும் அது எளிதில் கிடைக்கவில்லை. பொருளதிகார உரை பெரும்பாலும் ஏட்டளவிலேயே கிடந்தது. சிதம்பரனார் தேடிப் பெற்றுப் படித்தார். தாம் எந்த எளிமையை விரும்பி எழுதத் தொடங்கினாரோ அந்த எளிமை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே இருந்தது. தம் உரையைக் காட்டிலும் அது சிறந்தது என்றும் கண்டார். உடனே தம் உரையை நிறுத்தினார். இளம்பூரணத்தை அச்சிட்டுத் தமிழரிடம் சேர்ப்பதே இனித் தம் கடமை என்று முடிவு செய்தார்.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். நம் வட்டத்தில் கூடும் நாம் எல்லோரும் எழுதுகிறவர்கள். கூட்டத்தில் வாசித்த கவிதையில் ஒரு சீர் பிழையென்று நண்பர் சுட்டினால், அதைத் திருத்துவதற்கு முன் அதற்கு ஆதரவாகப் பழம்பாட்டில் சான்று தேடுகிறவர்கள். (என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.) செக்கும் சணலும் தந்த சோர்வோடு, சிறைக்காவலரின் கண்பார்வையில், ஆண்டுக்கணக்கில் எழுதிய ஒன்றை ஒரு மனிதர் வேறொருவரின் நூலைப் படித்துவிட்டு ஒதுக்கிவைக்கிறார். கப்பலோட்டியவர் சிறையிலிருந்து எழுதிய தொல்காப்பிய உரை என்று விளம்பரம் செய்திருந்தால் அந்நாளில் அது விற்றிருக்கும் என்றே நினைக்கிறேன். பணத் தேவையும் இருந்தது. மேலும், அது பிழையான உரை என்று எவரும் சொல்லவில்லை. அவரே படித்தார்; அவரே ஒப்பிட்டார்; அவரே தீர்ப்பும் எழுதினார். வழக்குரைஞராக இருந்தவர் தம் கட்சிக்கு எதிராகத் தாமே தீர்ப்பு வழங்கிக்கொண்ட வழக்கு இது. கடல் வழியே அன்னியரோடு மோதிய துணிவைப் போற்றும் நாம் இந்தத் துணிவையும் எண்ணிப் பார்க்கலாம்.

முத்துக்குளிப்பை உவமை காட்டாமல் இவ்வூரார் எவரும் கட்டுரை முடிப்பதில்லை, நானும் விலக்கல்லேன். 1961இல் நடந்த கடைசிச் சலாபம் வரை இக்கரையில் இருந்த முறை, பாரில் குளித்தெடுத்த சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, பிறகு கழுவி அரித்து முத்தைத் தேடுவதாகும். நாற்றத்தைச் சகித்துக்கொண்டு நாட்கணக்கில் காத்திருப்பார்கள். பெரும்பாலான சிப்பிகள் வெறுமையாக இருக்கும். ஏட்டுச் சுவடிகளோடு மல்லுக்கட்டும் பதிப்புத் தொழிலும் ஏறத்தாழ இதுதான். செல்லரித்த ஓலை, எழுதினவன் கைப்பிழை, விடுபட்ட அடி. சென்னையில் இருந்த காலத்தில் சிதம்பரனார் இத்தொழிலையும் தொடக்கத்திலிருந்து கற்றார். 1917இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு வெளியிட்டார். பரிமேலழகரே குறள் என்றிருந்த காலத்தில் அவருக்கு முற்பட்ட உரை ஒன்றைத் தேடிப் பதிப்பித்தது சிறிய செயலன்று.

வெறுஞ்சிப்பியும் அவர் கையில் அகப்பட்டது. இன்னிலை என்றொரு நூலைப் பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்ததென்று நம்பித் தாமே உரை எழுதிப் பதிப்பித்தார். அது பழைய நூலன்று, பிற்காலத்தார் ஒருவர் கட்டிய போலி நூல் என்று ஆராய்ச்சியாளர் பின்னர்த் தெளிந்தனர். கைந்நிலையே தொகையின் பதினெட்டாவது நூலாக இன்று கொள்ளப்படுகிறது. சிதம்பரனாரைப் போற்றி எழுதுவோர் இச்செய்தியைத் தொடாமல் விட்டுவிடுகின்றனர். விட வேண்டிய தேவையில்லை. தனியே கற்பவனுக்கு நேரும் ஏதம் இது. பழையது என்று யாரேனும் நீட்டினால் அன்பின் மிகுதியால் கை நீண்டுவிடுகிறது. தம் சொந்த உரையைத் தூக்கியெறியும் அளவுக்குக் கூர்மை காட்டிய அதே மதி, இன்னொரு முறை அயர்ந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் மாணாக்கரின் வரலாறு நிறைவாகும்.

சென்னையில் தொழிற்சங்கப் பணியும், கோயமுத்தூரில் சில ஆண்டுகளும் கழிந்தன. வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் வழக்குரைஞர்ச் சான்றிதழ் மீண்டும் கிடைத்தது. அந்த நன்றிக்காக ஒரு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியில் தொழில் நடத்தினார். 1927இல் சேலம் அரசியல் மாநாட்டில் தலைமையுரை நிகழ்த்தினார். அரசியலில் அவருக்கு அந்நாளில் உரிய இடம் கிடைத்ததா என்பது வேறு கட்டுரைக்குரிய பொருள். இங்கு அதைத் தொட வேண்டாம்.

1928இல் தொல்காப்பிய எழுத்ததிகாரம் இளம்பூரணம் சிதம்பரனார் பதிப்பாக வெளிவந்தது. சிறையிலிருந்து மீண்டு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அவருக்கு வயது ஐம்பத்தைந்து. பொருளதிகாரம் எஞ்சியிருந்தது. அதற்கு எஸ். வையாபுரிப் பிள்ளையின் துணையை நாடினார். வையாபுரிப் பிள்ளை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியின் பதிப்பாசிரியர். அவரும் திருநெல்வேலிச் சீமையார். அவரும் சட்டம் படித்தவர். 1891இல் பிறந்தவராதலால் சிதம்பரனாருக்குப் பத்தொன்பது வயது இளையவர். பாட வேறுபாடுகளை நிறுத்துப் பார்த்து முடிவுகட்டும் பதிப்பு நெறியில் அவருக்கு இணையானவர் அந்நாளில் மிகச் சிலரே. நாடு முழுவதும் பெயர் விளங்கிய ஒருவர், தம் மகன் வயதினர் என்று சொல்லத்தக்க ஒருவரிடம் ஏட்டைக் கொடுத்துப் பக்கத்தில் அமர்ந்துகொண்டார். 1930களில் இருவர் உழைப்பிலும் பொருளதிகார இளம்பூரணம் வெளிவந்தது. மூத்தவர் இளையவரிடம் கற்பதில் நமக்குள்ள கூச்சத்தை நினைத்தால் அந்தக் கூட்டுப்பணியின் அருமை தெரியும். புலமை உலகில் வயதைவிடப் பெரிய சாதி இல்லை என்று என் ஆசிரியர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

1932இல் தூத்துக்குடிக்கே திரும்பினார். கடன் இருந்தது; இறுதியில் எழுதிவைத்த உயிலிலும் கடன் கணக்கு இடம்பெற்றது. துறைமுகத்தில் எதிர்க் கம்பெனியின் கப்பல்கள் வழக்கம்போல வந்து போயின. அவர் வீட்டில் உரை எழுதிக்கொண்டிருந்தார். 1934இல் ஜேம்ஸ் ஆலனின் மற்றொரு நூலைச் சாந்திக்கு மார்க்கம் என்று தமிழில் தந்தார். முதல் ஆலன் நூலைச் செக்கடியில் தமிழாக்கி இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் நடை எவ்வளவு பழுத்திருக்கிறது என்பது புலப்படும். நம் உறுப்பினர்களுள் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டோர் இம்முயற்சியைச் செய்து பார்க்கலாம். 1935இல் சிவஞானபோதத்துக்கு எழுதிய உரை வந்தது. மெய்கண்டாரின் பன்னிரண்டு சூத்திரங்களைச் சமயக் கல்வி இல்லாதவர்க்கும் விளங்கும்படி சொல்ல வேண்டுமென்ற ஆசை, தொல்காப்பியத்தைக் கையில் எடுத்த நாளில் எழுந்த அதே ஆசைதான்.

அதே 1935இல் திருக்குறள் அறத்துப்பாலுக்குத் தாமே எழுதிய உரையையும் வெளியிட்டார். மணக்குடவரைப் பதிப்பித்துப் பதினெட்டு ஆண்டுகள் ஆனபின், அறுபத்து மூன்றாம் வயதில், தம் உரை என்று ஒன்றைத் தந்தார். இம்முறை அதை நிறுத்திவைக்கவில்லை. பழைய உரைகளையெல்லாம் கற்று, எங்கே அவர்களோடு உடன்படுகிறோம், எங்கே வேறுபடுகிறோம் என்று தெரிந்துகொண்டு எழுதிய உரை அது. பொருட்பாலையும் இன்பத்துப்பாலையும் அச்சில் காணும் முன்னரே நோய் முற்றியது. 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார்.

எஞ்சிய கையெழுத்துப் படிகள் நெடுங்காலம் காத்திருந்தன. குறள் முழுமைக்கும் அவர் எழுதிய உரை 2008இல்தான் நூலாக வெளிவந்தது.